மூலைக் கட்டடம் விழுந்த விதம்

"அக்கா, நீ எனக்கு ஒரு கட்டடத்தை இடிச்சுத் தரணும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி தம்பி இப்படிக் கேட்டான். அக்காள் கையிலிருந்த காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"கட்டித் தரணுமா, இடிச்சுத் தரணுமா?"

"கட்டி, அப்புறம் இடிச்சு."

அலுவலகத்தில் அவளை எல்லோரும் மில்லி என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. இனிமேல் எழும்பப்போகிற அடுக்குமாடி வீடுகளை முன்கூட்டியே சின்னதாகச் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது அவள் வேலை. யாராவது வந்து "இந்த ஜன்னலைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமா?" என்றால், "கொஞ்சம்னா எத்தனை மில்லி?" என்று மில்லிமீட்டர் கணக்குக் கேட்பாள். பதினாறு வருடமாக அதே கேள்வி. பெயர் ஒட்டிக்கொண்டது. முதலில் கோபித்துக்கொள்ளலாமா என்று யோசித்தாள். அப்புறம் அந்தப் பெயர் அவளுக்கே பிடித்துப்போனது. இப்போது தம்பியின் நண்பர்கள்கூட "மில்லி அக்கா" என்றுதான் சொல்கிறார்கள்.

தம்பிக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணைச் சோதித்து எந்தக் கண்ணாடி போடலாம் என்று எழுதித் தருவான். வாரத்தில் ஆறு நாள் அப்படி யோக்கியமாக இருந்துவிட்டு, ஏழாவது நாள் போருக்குப் போவான். டயர் கடைக்கு மேல் மாடியில் ஒரு கூடம். அங்கே பதினைந்து இருபது பேர் சேர்ந்து சங்கம் வைத்திருந்தார்கள். விரல் நீளம்கூட இல்லாத உலோகச் சிப்பாய்களுக்கு வண்ணம் தீட்டி, பெரிய மேஜையில் நிறுத்தி, டேப்பால் தூரம் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சுட்டுக்கொள்வார்கள். சண்டை நடக்க ஊர் வேண்டுமே. அதுவும் இந்தக் காலத்துச் சண்டை. இடிந்த கடைத்தெரு, ஓட்டை விழுந்த அலுவலகம், பாதி நிற்கிற மாடி வீடு எல்லாம் வேண்டும்.

"போன வருஷம் செருப்புப் பெட்டியைக் கவுத்து வெச்சு விளையாடினோம்கா. ஒண்ணுல பேங்க்னு எழுதியிருந்துச்சு, இன்னொண்ணுல போஸ்ட் ஆபீஸ்னு எழுதியிருந்துச்சு. பேங்க் மேல ஏறி நின்னு என் ஆளுங்க உயிரை விட்டாங்க. எட்டாம் நம்பர் செருப்புக்காக!"

"நீயே செய்ய வேண்டியதுதானே?"

"செஞ்சேன். டிவி வந்த தெர்மாகோலை வெட்டி மூணு மாடி கட்டினேன். டப்பா பெயின்ட்டைப் புஸ்ஸுனு அடிச்சேன். அவ்ளோதான். வெயில்ல வெச்ச ஐஸ்கிரீம் மாதிரி கண்ணு முன்னாடியே உருகிப்போச்சு." அவன் குரல் தாழ்ந்தது. "பல் டாக்டர் அதைப் பார்த்துட்டு ஒரு மாசமா சிரிக்கிறார்."

பல் டாக்டர்தான் அந்தச் சங்கத்தில் எதிரணித் தளபதி. தம்பியோ ஆத்திரத்தில், "எங்க அக்கா யார் தெரியுமா? இந்த வருஷம் பெரிய ஆட்டத்துக்கு மேஜை நடுவுல நிக்கப்போற கட்டடம் எங்க வீட்டுலேருந்துதான் வரும்" என்று எல்லோர் முன்னாலும் சவால் விட்டுவிட்டு வந்திருந்தான். ஆட்டத்துக்கு இன்னும் நான்கு வாரம் இருந்தது.

மில்லிக்கு உள்ளுக்குள் ஆசை முளைத்துவிட்டது. ஆனால் உடனே ஒப்புக்கொண்டால் அக்காளுக்கு என்ன மரியாதை?

"சிப்பாய் எத்தனை மில்லி?" என்று கேட்டாள்.

"இருபத்தெட்டு."

"சரி, ஒருத்தனை விட்டுட்டுப் போ."

ஒரு சிப்பாயை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு, அவள் மனம் மாறுவதற்குள் தம்பி ஓடிவிட்டான்.

கட்டுகிற வேலை அவளுக்குக் கை வந்த கலை. நான்கு நாள் மாலையில் சுவர்கள் எழும்பிவிட்டன. தெருமூலையில் நிற்கிற, தரைத்தளத்தையும் சேர்த்து மூன்று மாடிக் கட்டடம். கீழே ரொட்டிக் கடை, பக்கத்தில் தையற்கடை, மேலே இரண்டு மாடியிலும் வீடுகள். கெட்டி அட்டையும் ஃபோம் பலகையும் வெட்டிச் சுவர் வைத்தாள். அந்த ஒற்றைச் சிப்பாயை ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தி, அவன் தலை இடிக்காமல் போகிறானா என்று பார்த்தாள். படிக்கட்டில் பதினெட்டுப் படி. ஒவ்வொன்றும் மற்றதைப் போலவே இருந்தது. இரண்டாம் மாடிக் குளியலறையில் நகக்கண் அளவு ஓடுகள் பதித்தாள். கதவுக்குக் கைப்பிடிகூட வைத்தாள். புதன்கிழமை அதைத் தள்ளி வைத்துப் பார்த்தபோது, அந்த வீட்டுக்கு உடனே குடிபோய்விடலாம் போலிருந்தது.

வியாழக்கிழமை அதை இடிக்க உட்கார்ந்தாள். கை வரவில்லை.

குறடு ஒன்றை எடுத்தாள், வைத்தாள். சின்ன ரம்பத்தை எடுத்தாள், தையற்கடை வாசலுக்கு அருகில் கொண்டுபோனாள், அங்கே அவள் ஒட்டிய துணுக்கு அளவு விளம்பரப் பலகையைப் பார்த்துத் திரும்பி வந்துவிட்டாள். கடைசியில் வளைவு வரைகிற அச்சை எடுத்து, பென்சிலால் மெல்லிய கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேலேயே பிசிறில்லாமல் வெட்டினாள். வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்தும் விட்டாள்.

சனிக்கிழமை வந்து பார்த்த தம்பி குனிந்து, வெட்டிய விளிம்பில் விரலை ஓட்டினான்.

"சொல்லுடா."

"அக்கா, ரொம்ப அழகா இருக்கு."

"ஆனா?"

"குண்டு விழுந்த மாதிரி இல்ல. யாரோ விருந்தாளி, வேண்டாம்னு சொல்ல முடியாம, மரியாதைக்கு ஓரமா ஒரு கடி கடிச்சு வெச்ச பிஸ்கட் மாதிரி இருக்கு."

மில்லிக்குச் சுருக்கென்றது. ஆனால் அவன் சொன்னது சரி. அந்தக் கட்டடத்துக்கு ஒரு கெடுதலும் நடக்கவில்லை. முடி வெட்டிக்கொண்டு வந்து நிற்பது போல நின்றது.

"என்னால முடியலடா. பதினாறு வருஷமா ஒட்டுறதுதான் பழக்கம். பிய்க்கக் கை வர மாட்டேங்குது."

தம்பி கூடத்துப் பக்கம் தலையைத் திருப்பினான். அங்கே ஏதோ விழுந்து உருளும் சத்தம் கேட்டது. தொடர்ந்து "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று ஒரு குரல்.

"நம்ம வீட்டுலயே அதுக்கு ஆள் இருக்கே?" என்றான்.

மில்லியின் கணவர் இன்சூரன்ஸ் சர்வேயர். தீப்பிடித்த கிடங்கு, சரிந்த வீடு, வெள்ளம் புகுந்த கடை என்று எங்கே கேடு நடந்தாலும் போய்ப் பார்த்து, எது முதலில் போனது, எதனால் போனது என்று அறிக்கை எழுதிக் கொடுப்பார். ஒரு விரிசலைப் பார்த்தால் அதன் வயதைச் சொல்லிவிடுவார். தன் சொந்தக் கைகால்கள் எங்கே இருக்கின்றன என்பதில் மட்டும் அவருக்கு எப்போதுமே ஒரு சந்தேகம். அந்த வீட்டில் ஜோடியாக இருந்த பீங்கான் சாமான் எல்லாம் ஒற்றையாகிப் பல வருடம் ஆகிறது.

மில்லியின் வேலை அறைக்குள் அவர் கால் வைத்து ஒன்பது வருடம். கடைசியாக வைத்தபோது, பசை காய்வதற்காக நாற்காலியில் வைத்திருந்த ஒரு பள்ளிக்கூடத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார். நாற்பது வகுப்பறை, ஒரு விளையாட்டுத் திடல். மறுநாள் ஒப்படைக்க வேண்டியது. மில்லி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு தீர்ந்துபோயிருக்கும். அவள் பேசாமல் ஒவ்வொரு வகுப்பறையாகப் பொறுக்கி எடுத்ததைப் பார்த்தவர், அதிலிருந்து தானாகவே வாசலோடு நின்றுகொண்டார். டீ கொண்டுவந்தால் வெளியே நின்று கையை மட்டும் உள்ளே நீட்டுவார். அவள் எழுந்து வந்து வாங்கிக்கொள்வாள். இருவருக்கும் அது பழகிவிட்டது. பழகியதாலேயே யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

"மாமா, கொஞ்சம் உள்ள வாங்களேன்" என்று தம்பி கூப்பிட்டான்.

வாசலில் வந்து நின்ற சர்வேயர் மனைவியைப் பார்த்தார்.

"வாங்க. பரவாயில்ல" என்றாள் மில்லி. சொன்னபிறகுதான், அதைச் சொல்ல ஒன்பது வருடம் ஆகிவிட்டது என்று அவளுக்கு உறைத்தது.

அவர் போய்க் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குள் நுழைகிறவர் மாதிரி ஒவ்வோர் அடியாக வைத்து மேஜைக்கு அருகில் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"உடைங்க மாமா" என்றான் தம்பி.

"எதை?"

"இதைத்தான். எங்க வேணும்னாலும். உங்க இஷ்டம்."

சர்வேயர் ஒரு விரலை நீட்டி மேல்மாடிச் சுவரைத் தொட்டார். சுவர் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளினார். பிறகு விரலை எடுத்துவிட்டார். நெற்றியில் வியர்த்துவிட்டது.

"வரலை மச்சான்."

"என்ன மாமா இது! நேத்துக்கூட ஊறுகாய் பாட்டில் போச்சே?"

"அது வேணும்னு செஞ்சதா? தானா வர்றதை இப்படி நிக்க வெச்சுக் கேட்டா எப்படி வரும்?"

மில்லிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். சர்வேயர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் குனிந்து கட்டடத்தை ஒரு பக்கமாகப் பார்க்க ஆரம்பித்திருந்தார். மேஜையைச் சுற்றி வந்து இன்னொரு பக்கமும் பார்த்தார். சட்டைப் பையிலிருந்த சின்ன நோட்டு தானாகக் கைக்கு வந்தது.

"இதுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"குண்டு விழுந்துச்சு மாமா."

"அது சரி. எங்கேருந்து விழுந்துச்சு? மேலேருந்தா, தெருப் பக்கத்துலேருந்தா? அப்புறம் தீப்பிடிச்சுதா? மழை பெஞ்சுதா? இடிஞ்சு எத்தனை நாள் ஆச்சு?"

அக்காளும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இதை யாரும் யோசிக்கவே இல்லை.

"இங்க பாரும்மா," என்று அவர் மனைவியிடம் சொன்னார். "நீ இவ்வளவு பெரிய ஓட்டை போட்டிருக்கே. அந்த ஓட்டையில இருந்த சுவரெல்லாம் எங்க போச்சு? காத்துல கரைஞ்சுடுமா? போனதெல்லாம் கீழ கிடக்கணும். நான் எங்க போனாலும் முதல்ல மேலே பார்க்க மாட்டேன், கீழேதான் பார்ப்பேன். கீழ கிடக்கிறது மேல இல்லாததுக்குச் சரியா இருக்கணும்."

அவர் பேசப் பேச மில்லி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். செங்கல் சுவர் முதலில் போகும், மூலைகள் கடைசிவரை நிற்கும் என்றார் அவர். கான்கிரீட் நொறுங்கினாலும் உள்ளே இருக்கிற கம்பி நொறுங்காது, வளைந்து தொங்கும். அதைப் பிடித்துக்கொண்டு தளமும் தொங்கும். ஜன்னல் கண்ணாடி தெருவில் கிடந்தால் வெடித்தது உள்ளே. அறையில் கிடந்தால் வெடித்தது வெளியே. தீ வந்திருந்தால் ஜன்னலுக்கு மேலேதான் கரி படியும், கீழே படியாது.

"ஒரு வீட்டுல மூணு சுவர் போயிடுச்சு. நாலாவது சுவர்ல ஒரு அலமாரி. அதுல ஒரு தட்டு முட்டை. முப்பது முட்டை. ஒண்ணுகூட உடையல. எனக்கு அறிக்கை எழுதவே கை வரல, அதையே பார்த்துட்டு நின்னேன்."

இதெல்லாம் அவர் பல வருடமாகத் தினமும் பார்க்கிற காட்சி. சாப்பிடும்போது "இன்னிக்கு என்ன பண்ணீங்க?" என்று அவள் கேட்டால் "ஒரு கிடங்கு" என்பார். அவளும் "எனக்கு ஒரு பூங்கா" என்பாள். அதோடு ரசத்துக்குப் போய்விடுவார்கள். இந்த மனுஷன் வாய்க்குள் இவ்வளவு இருந்ததா என்று மில்லி வியந்தாள்.

"சரி, நீங்களே சொல்லுங்க. இதுல எங்க விழுந்துச்சு?"

அவர் யோசித்தார். "மேலேருந்து, தையற்கடைப் பக்கம். மொட்டைமாடியைத் துளைச்சுட்டு மூணாவது தளத்துல வெடிச்சிருக்கு. அப்போ இந்தச் சுவர் வெளிப்பக்கமாப் போகும். தளம் இந்தக் கம்பியில தொங்கும்."

"இந்தச் சுவரா?"

"அதேதான்."

மில்லி அந்தச் சுவரைப் பிடித்தாள். எதற்காக என்று தெரிந்ததும் கை தானாக வேலை செய்தது. படக்கென்று ஒரு சத்தம். அட்டை பிசிறு பிசிறாகக் கிழிந்து கையோடு வந்தது. அவள் அதைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், மறுபடி அதைப் பார்த்தாள். பதினாறு வருடத்தில் வேண்டுமென்றே அவள் உடைத்த முதல் சுவர் அது. நெஞ்சுக்குள் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி ஏதோ பொங்கியது.

"அடுத்தது எது?" என்றாள்.

அதற்குப் பிறகு அவளைப் பிடித்து நிறுத்துவதுதான் பெரும்பாடாகிவிட்டது. ரொட்டிக் கடை முகப்பில் பாதி போனது. பால்கனி போனது. படிக்கட்டின் மேல் அவள் கை போனபோது சர்வேயர் குறுக்கே வந்தார்.

"போதும்மா. படிக்கட்டுக் கூண்டு நிக்கும். எப்பவும் அதுதான் நிக்கும். அதை உடைச்சா பொய்யாயிடும்."

இரண்டு வாரம் மாலையெல்லாம் அந்த அறையில் இரண்டு நாற்காலி இருந்தன. உடைந்த விளிம்புகளில் மெல்லிய கம்பியை நட்டு வளைத்தாள். சாம்பல் நிறம் பூசி, காய்ந்தபிறகு, கிட்டத்தட்ட வண்ணமே இல்லாத உலர்ந்த தூரிகையால் முனைகளை மட்டும் வெளுப்பாகத் தடவினாள், கான்கிரீட் வந்துவிட்டது. ஆற்று மணல், நொறுக்கிய அட்டை, உடைந்த ஓடு எல்லாவற்றையும் கலந்து சர்வேயர் சொன்ன இடத்தில் குவித்தாள். "இன்னும் ரெண்டு ஸ்பூன் போடு, மேலே அவ்வளவு போயிருக்கே" என்று அவர் கணக்காகச் சொல்வார். பொருள்களைத் தொட அவர் இன்னும் பயந்தார். நோட்டில் வரைந்து காட்டினார். மூன்றாம் மாடியில் ஆணியில் தொங்குகிற ஒரு சட்டை அவருடைய யோசனை. ஊறுகாய் மூடியின் தகட்டை வெட்டிச் சட்டையைச் செய்தது அவள். இரண்டு தடவை தண்ணீர்க் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். அந்த ஈரம் பட்ட இடத்தில் சுவர் கறை பிடித்தது. "இதை அப்படியே விடு, குழாய் வெடிச்சிருக்கு" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

பெரிய ஆட்டத்தன்று கட்டடத்தை ஒரு பெட்டியில் வைத்து, ஆட்டோவில் மில்லியே மடியில் வைத்துக்கொண்டு போனாள். சர்வேயரிடம் குடையையும் தண்ணீர் பாட்டிலையும் கொடுத்திருந்தாள். டயர் கடைப் படிக்கட்டில் ஏறும்போது, "நீங்க எனக்கு நாலு படி பின்னாடி வாங்க" என்றாள். அவர் ஐந்து படி விட்டே வந்தார்.

கூடத்தில் பெரிய மேஜை. அதன்மேல் தெருக்கள் வரைந்த விரிப்பு. கட்டடத்தை நடுவில் வைத்ததும் பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றி வந்துவிட்டார்கள். சிலர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். பல் டாக்டர் குனிந்து, பற்களுக்கு நடுவே பார்ப்பது போலவே, ஒவ்வோர் ஓட்டைக்குள்ளும் பார்த்தார்.

"அந்தச் சட்டை யாரோடது?" என்றார் கடைசியில்.

"தப்பிச்சுட்டாருங்க. சட்டையை மட்டும் விட்டுட்டுப் போயிட்டார்" என்றார் சர்வேயர்.

தம்பி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். அவனுடைய நான்கு டாங்குகளும் அந்தக் கட்டடத்தை ஒட்டிய அகலத் தெருவின் முனையில் வரிசையாக நின்றன. ஆட்டம் தொடங்கியதும் நான்கும் அந்தத் தெரு வழியாகப் பாய்ந்து போக வேண்டும். ஒரு வாரமாக இதைத்தான் கனவு கண்டுகொண்டிருந்தான்.

சங்கத்துக்கு நடுவர் ஒரு நூலகர் அம்மாள். சத்தம் போட வேண்டிய இடத்திலும் கிசுகிசுவென்றே பேசிப் பழகிய குரல். விதிப் புத்தகத்தைத் திறந்து, "ஆரம்பிக்கலாமா?" என்றார்.

அப்போதுதான் மில்லியின் கண்ணில் அது பட்டது. கட்டடத்துக்கு அந்தப் பக்கம் நின்ற தெருவிளக்குக் கம்பம் இரண்டு மில்லி சாய்ந்திருந்தது. "ஒரு நிமிஷம்" என்று எட்டி, அதை நிமிர்த்தினாள். அவள் தோளில் தொங்கிய கைப்பையின் வார் மூன்றாம் மாடி ஜன்னலில் மாட்டிக்கொண்டது. அவள் நிமிர்ந்தாள். சரக்கென்று தெருப் பக்கத்துச் சுவர் முழுவதும் பெயர்ந்து, மெதுவாகச் சாய்ந்து, அகலத் தெருவின் குறுக்கே போய் விழுந்தது.

பழக்க தோஷத்தில் தம்பியின் தலை சர்வேயர் பக்கம் திரும்பியது, அதைப் பார்த்து மற்ற தலைகளும் திரும்பின. அவர் நான்கடி தள்ளி, ஒரு கையில் குடையும் மறு கையில் பாட்டிலுமாக நின்றிருந்தார்.

"நான் இல்ல" என்றார்.

மில்லிக்கு முகம் சிவந்துவிட்டது. இத்தனை வருடத்தில் ஒரு பொம்மை மரத்தைக்கூடச் சாய்த்தவள் இல்லை. "பசை இருக்கா? யார்கிட்டயாவது பசை இருக்கா?" என்று பையைத் துழாவினாள்.

சர்வேயர் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். குடை விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"யாரும் எதையும் தொடாதீங்க. அப்படியே நில்லுங்க" என்றார். அந்தக் குரலை மில்லி கேட்டதே இல்லை. வேலைக்குப் போகிற இடத்தில் அவர் பேசுகிற குரல் போலிருக்கிறது. எல்லோரும் அப்படியே நின்றார்கள். அவர் குனிந்து, விழுந்த சுவரை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தார். பிறகு மனைவியிடம் திரும்பினார்.

"எவ்வளவு நல்லா விழுந்திருக்கு பாரு! அடியில பிரிஞ்சு, ஒரே பலகையா வந்து, தரையில பட்டப்புறம் மூணா உடைஞ்சிருக்கு. நிஜத்துல இப்படித்தான் விழும். நாம ரெண்டு வாரம் மண்டையை உடைச்சுக்கிட்டோம், இது தோணலை. ஒட்டாதே. தயவுசெஞ்சு ஒட்டாதே."

மில்லி பார்த்தாள். ஜன்னல் சட்டங்களோடு சுவர் தெருவில் படுத்திருந்தது. நிஜமாகவே நன்றாக இருந்தது. பையை மூடினாள்.

"அக்கா!" என்று தம்பி அலறினான். "என் டாங்க் எல்லாம் அந்த ரோட்டுலதானே போகணும்!"

நூலகர் அம்மாள் பக்கம் புரட்டினார். "தெருவில் இடிபாடு இருந்தால் வாகனம் போகாது. ஆட்கள் பாதி வேகத்தில் போகலாம். ஆட்டம் தொடங்குவதற்கு முன் விழுந்ததால், இது இடத்தின் அமைப்பு." புத்தகத்தை மூடினார். "செல்லும்."

பல் டாக்டர் சிரித்த சிரிப்பில் அவருடைய கடைவாய்ப் பல்வரை தெரிந்தது.

ஆட்டம் நடந்தது. தம்பியின் நான்கு டாங்குகளும் ரயில்வே கேட் போட்ட இடத்தில் நிற்கிற லாரிகள் மாதிரி வரிசையாக நின்றன. அவன் புலம்பினான், பகடையைத் திட்டினான், பிறகு வேறு வழியில்லாமல் சிப்பாய்களை நடக்கவிட்டான். விழுந்த சுவர் அவர்களுக்கு நல்ல மறைவாக அமைந்தது. பதுங்கிப் பதுங்கி ரொட்டிக் கடைக்குள் நுழைந்தார்கள். மில்லி இதுவரை செய்த கட்டடங்களுக்குள் யாரும் போனதில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பார்கள், கை காட்டுவார்கள், போவார்கள். இப்போது பதினெட்டுப் படியிலும் ஆள் ஏறினான். அவளால் உட்காரவே முடியவில்லை. "அந்தக் கதவு திறக்கும்டா, அந்தப் பக்கம் போ!" என்று கத்தினாள். நூலகர் அம்மாள் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

ஆறாவது சுற்று முடியும்போது கட்டடம் யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்கே வெற்றி. ஐந்தாவது சுற்றில் பல் டாக்டர் தன்னுடைய ஆறு சிப்பாய்களையும் ஒரு இயந்திரத் துப்பாக்கியையும் மூன்றாம் மாடியில் தொங்குகிற தளத்தில் கொண்டுபோய் வைக்கப் போனார். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும்.

"டாக்டர், அங்க வெக்காதீங்க. தாங்காது" என்றார் சர்வேயர்.

"மாமா! நீங்க யார் பக்கம்?" என்று தம்பி துள்ளினான்.

"நான் கட்டடத்தோட பக்கம்."

"விளையாட்டுதானுங்களே" என்று சிரித்துக்கொண்டே பல் டாக்டர் சிப்பாய்களை வைத்தார். எல்லாம் கெட்டி உலோகம். ஆறு பேர்வரை தளம் பொறுத்துக்கொண்டது. துப்பாக்கியை வைத்ததும் கம்பிகள் மெல்ல வளைந்தன. சறுக்குமரத்தில் வருகிற பிள்ளைகள் மாதிரி சிப்பாய்கள் ஒருவர் பின் ஒருவராகச் சறுக்கி, தையற்கடை இடிபாட்டில் தலைகீழாக விழுந்தார்கள்.

நூலகர் அம்மாள் புத்தகத்தைப் புரட்டவே இல்லை. "இதற்கு விதி வேண்டியதில்லை" என்றார்.

கடைசிச் சுற்று முடிந்து எண்ணியபோது கட்டடத்துக்குள் ஒரே ஒரு சிப்பாய்தான் உயிரோடு இருந்தான். இரண்டாம் மாடிக் குளியலறையில், ஓடு பதித்த சுவருக்குப் பின்னால், துப்பாக்கியும் கையுமாக. அவன் தம்பியின் ஆள். தம்பி மேஜையைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடினான். "கக்கூஸைப் பிடிச்சு ஜெயிச்சவன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான்" என்று பல் டாக்டர் அவன் கையைக் குலுக்கினார். பிறகு மில்லியிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, அடுத்த ஆட்டத்துக்கு ஒரு ரயில் நிலையம் கிடைக்குமா என்று கேட்டார்.

"இடிஞ்சதா?"

"நல்லா இடிஞ்சது" என்றார் டாக்டர்.

அடுத்த சனிக்கிழமை காலை புருஷனும் பெண்சாதியும் ரயில் நிலையத்தில் நின்றார்கள். கூட்டம் குறைவான நேரம். அவள் டேப்பை விரித்து நடைமேடைப் பெஞ்சை அளந்தாள். அவர் தலையை அண்ணாந்து கூரைத் தூண்களைப் பார்த்து நோட்டில் எழுதினார். இரண்டாவது தூண் முதலில் போகும் என்று அவர் சொல்ல, இல்லை, கூரை போனபிறகுதான் தூண் என்று அவள் சொல்ல, இருவருக்கும் சண்டை பிடித்துக்கொண்டது. ஸ்டேஷன் மாஸ்டர் தன் அறையிலிருந்து இறங்கி வந்து பின்னால் நின்றதை இருவருமே கவனிக்கவில்லை.

"எதுக்கு அளக்கறீங்க?" என்றார் அவர்.

மில்லி திடுக்கிட்டுப்போய் உண்மையைச் சொல்லிவிட்டாள். "இடிக்கிறதுக்குத்தாங்க."

ஸ்டேஷன் மாஸ்டரின் முகம் போன போக்கைப் பார்த்துச் சர்வேயர் அவசரமாகக் குறுக்கே புகுந்தார். சிப்பாய்கள், மேஜை, பல் டாக்டர் என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"அப்போ என்னோட ரூமும் வருமா?"

"வரும்ங்க. வேண்டாம்னா விட்டுடறோம்" என்றாள் மில்லி.

"விட்டுடறதா? ரெண்டு வருஷமா ஃபேன் ஓடல, மேலே ஒழுகுது, கதவு சாத்தாது. முதல் குண்டை அதுமேலயே போடுங்கம்மா." அவர் திரும்பி முன்னால் நடந்தார். "வாங்க, வாங்க, உள்ள வந்து அளந்துக்குங்க. மேஜையை மட்டும் நான் நகர்த்தித் தர்றேன்."

சர்வேயர் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் அவர் பின்னால் போனார்கள்.